ஃபாஸ்டர் சிட்டி வள்ளல்கள்

கடையெழு வள்ளல்களில் பேகன் கொஞ்சம் அவசரக்காரன். மயில் குளிரில் நடுங்குகிறது என்று தோன்றிய மாத்திரத்தில் போர்வையை எடுத்துப் போர்த்திவிட்டான். மயிலுக்கு அரிப்பு கிரிப்பு வந்தால் போர்வையின் பெயர் கெட்டுப்போகுமே என்று யோசித்தானா? கலிபோர்னியாவின் ஃபாஸ்டர் சிட்டியில் இருக்கும் கிலியட் மருந்து நிறுவனத்தாரிடம் அந்தக் குறை கிடையாது. நிதானம் என்றால் அப்படியொரு நிதானம்.

எஃப்.ஐ.பி. என்று பூனைகளுக்கு ஒரு நோய். குடலில் சாதுவாகக் கிடக்கும் பூனைக் கொரோனா வைரஸ் சில பூனைகளின் உடம்பில் உருமாறிக் கொடியதாகிவிடும். பெரும்பாலும் இரண்டு வயதுகூட ஆகாத குட்டிகள்தான் மாட்டிக்கொள்ளும். காய்ச்சல் இறங்காது. முதுகெலும்பு துருத்திக்கொண்டு நிற்க, வயிறு மட்டும் மஞ்சள் நீர் கோத்து உப்பும். பாஸ்டனில் 1963இல் இதை முதலில் பதிவு செய்த நாள் தொட்டு, வந்தால் அநேகமாகச் சாவுதான். டேவிஸ் நகரில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் நீல்ஸ் பீடர்சன் அரை நூற்றாண்டு இந்த நோயின் பின்னாலேயே அலைந்தவர். கிலியட் கொடுத்த ஜி.எஸ்.-441524 என்ற மருந்தை, நோய் கண்ட 31 வீட்டுப் பூனைகளுக்கு ஊசியாகப் போட்டுப் பார்த்தார். 12 வாரச் சிகிச்சையை முடித்து வந்தவை 26. முடிவு 2019இல் வெளியானது.

கிலியட்டின் தொலைநோக்கை இங்கேதான் மெச்ச வேண்டும். இந்த மருந்தின் உடன்பிறப்புதான் ரெம்டெசிவிர்; உடம்புக்குள் போனால் இரத்தத்தில் அது பெரும்பாலும் இதுவாகத்தான் மாறிப்போகும். மனிதருக்கான மருந்து அனுமதிக்குக் காத்திருக்கையில் ஏதோ ஒரு பூனை வாந்தி எடுத்து வைத்தால் என்ன ஆவது? பூனை குறுக்கே போனால் காரியம் கெடும் என்று நாம் வாய்ப்பேச்சாகச் சொல்கிறோம். அவர்கள் அதை வணிகக் கொள்கையாகவே கடைப்பிடித்தார்கள். விலங்குகளுக்கு விற்க உரிமம் தரவில்லை. 2020 அக்டோபரில் ரெம்டெசிவிருக்கு அனுமதி வந்தது. பூனை வரிசையிலேயே நின்றது.

அதனால் யார் கெட்டார்கள்? சீனாவில் பெயர் தெரியாத கூடங்களுக்கெல்லாம் பிழைப்புக் கிடைத்தது. ஒழுங்கான சீட்டு ஒட்டாத குப்பிகள் தபாலில் வந்தன. சட்டம் கால்நடை மருத்துவர்களுக்கு மௌன விரதம் வாய்க்கச் செய்தது. வீட்டுக்காரர்களோ செலவில்லாமல் செவிலியர் படிப்பு முடித்தார்கள். துண்டில் சுற்றிய குட்டியைச் சமையலறை மேசையில் ஒருவர் அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் தோலுக்கடியில் ஊசி ஏற்ற வேண்டும். மருந்து அமிலத் தன்மையுள்ளது, எரியும். குட்டி அலறும், முதுகில் புண் வரும். இப்படி 84 நாள். அளவு எடையைப் பொறுத்தது. குட்டி தேறுகிறதே என்று ஆசையாகத் தராசில் வைத்தால், எடையோடு மருந்துச் செலவும் ஏறியிருக்கும். பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறதே என்று வயிறு கலங்கும் தாயை உலகுக்குக் காட்டியது சாதாரணப் பெருமையா? ஆயிரக்கணக்கான டாலர் புரட்ட முடியாதவர்களுக்கு ஊரார் முன் துண்டேந்தும் பணிவும் கைவந்தது.

கிலியட் கருணையற்றது என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. 2013இல் கல்லீரல் அழற்சிக்கு அவர்கள் கொண்டுவந்த சோவால்டி மாத்திரையின் விலை ஒன்றுக்கு 1,000 டாலர். அதற்கும் வழக்கமான கணக்கு 84 நாள்தான். ஆக 84,000 டாலர். பூனைக்கும் அந்த விலை வைக்காமல், விற்கவே மறுத்தார்களே, அந்த இரக்கத்தை எந்தத் தட்டில் வைத்து நிறுப்பது?

2024 ஜூன் மாதம் முதல் அமெரிக்காவில் கால்நடை மருத்துவர் சீட்டு எழுதிக் கொடுத்தால், டூனா மீன் சுவையில் ஜி.எஸ்.-441524 மருந்து 50 மில்லிகிராம் மாத்திரையாகக் கிடைக்கிறது. அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அதற்கு ஒப்புதல் தந்துவிடவில்லை. சீட்டின் பேரில் தயாரித்தால் நடவடிக்கை எடுக்கப்போவதில்லை என்று மட்டும் அறிவித்தது. அந்த மாத்திரையைக் கொண்டுவந்தது கிலியட் அல்ல.