கடைசியாக ஸ்பேனர் பட்ட இடம்

இன்ஜின் வேலை முடிந்து வந்த பழைய டீசல் கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் நாலு பேர் கூடிவிடுவார்கள். மூன்று பேர் "பம்ப் போயிருக்கும்" என்பார்கள். நாலாமவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பம்பேதான்" என்பார். இன்ஜெக்ஷன் பம்ப்பின் மேல் இப்படி ஒருமனதாகச் சந்தேகம் விழுவதற்குத் தடயம் எதுவும் காரணமில்லை. அது விலை அதிகமான சாமான், அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று கூடியிருப்பவர்களில் யாரும் பார்த்ததில்லை, அவ்வளவுதான். என் கட்சி இதற்கு நேர் எதிரானது. பட்டறைக்குள் ஓடிப் போன வண்டி, வேலை முடிந்தபின் ஓட மறுத்தால், கடைசியாக ஸ்பேனர் பட்ட இடத்தில் தேட வேண்டும். அங்கேயும் பத்து ரூபாய்ச் சாமானிலிருந்து மேலே ஏற வேண்டுமே தவிர, பத்தாயிரம் ரூபாய்ச் சாமானிலிருந்து கீழே இறங்கக் கூடாது. ஒரு செம்பு வாஷரைக் குற்றவாளி என்று அறிவிப்பதில் யாருக்கும் கௌரவம் இல்லை என்பதால்தான் இந்த எளிய வழி பிரபலமாகவில்லை.

டீசல் அம்பாசடரையே எடுத்துக்கொள்வோம். 1489 சிசி, 37 குதிரைத்திறன், பிஎம்சி என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் வம்சத்தில் வந்த இன்ஜின். ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியையும், அதில் அடைத்து ஏற்றிய கல்யாண வீட்டு ஆட்களையும், கூரைமேல் கட்டிய பெட்டிகளையும் அந்த 37 குதிரைகள் எப்படி இழுத்தன என்பது தனி ஆராய்ச்சி. நமக்கு வேண்டியது அதன் எளிமை. பெட்ரோல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக், காயில், பாயின்ட், கண்டன்சர் என்று சந்தேகப்பட ஒரு குடும்பமே உண்டு. டீசலில் அவர்கள் யாரும் இல்லை. உள்ளே வந்த காற்றை இருபதில் ஒரு பங்குக்கும் கீழாக நசுக்கினால் அது 500 டிகிரிக்கு மேல் சூடாகிறது. அந்த நேரம் பார்த்து டீசலைத் தூவினால் தானே பற்றிக்கொள்கிறது. ஆக டீசல் வர வேண்டும், காற்று நசுங்க வேண்டும், இரண்டும் நேரத்துக்கு நடக்க வேண்டும். இன்ஜின் வேலை என்று நாம் சொல்வது இந்த மூன்றையும் ஒரே சமயத்தில் பிரித்துப் போட்டு மறுபடி மாட்டுவதுதான். அதனால் சந்தேகம் அங்கே போவது நியாயம். கண்டுபிடித்தவருக்கே இந்த அனுபவம் உண்டு. ருடால்ஃப் டீசல் 1893 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் முதல் இன்ஜினைச் சோதித்தபோது, அது ஓடவில்லை. அழுத்தம் அளக்க வைத்திருந்த கருவியைத்தான் வெடிக்க வைத்தது. பிரித்து, திருத்தி, மாட்டி, 1894 பிப்ரவரியில் சொந்த பலத்தில் ஒரு நிமிடம் ஓடியது. உருப்படியான இன்ஜின் என்று காட்ட 1897 ஆயிற்று. ஆகவே வேலை பார்த்ததும் முரண்டு பிடிப்பதை வயதுக் கோளாறு என்று சொல்ல முடியாது. அது பிறவிக் குணம்.

முதல் சந்தேகம் டீசல் வழியில் புகுந்த காற்றின் மேல். ஹெட்டைக் கழற்ற வேண்டுமானால் டீசலைத் தூவும் நாசில்களின் குழாய்களைக் கழற்றியே ஆக வேண்டும்; ஃபில்டர் மாற்றினால் டீசல் வழியைத் திறந்தே ஆக வேண்டும். திறந்த வழியில் காற்று ஏறிக்கொள்ளும். டீசல் நசுங்காது, காற்று நசுங்கும். நாசில் வாய் திறக்கச் சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோவுக்கு மேல் அழுத்தம் வேண்டும்; குழாயில் காற்று இருந்தால் பம்ப் தரும் அழுத்தமெல்லாம் அந்தக் காற்றை அமுக்குவதிலேயே தீர்ந்துபோகும், நாசில் வாயைத் திறக்காது. பம்ப் பாவம், உழைத்துக்கொண்டேதான் இருக்கும். கெட்ட பெயரும் வாங்கிக்கொண்டிருக்கும். இதற்கு வைத்தியம் நாசில் நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தி, செல்ஃப் அடித்து, நுரை போய் டீசல் மட்டும் வந்ததும் இறுக்குவது. "ஒரு சொட்டுகூட வெளியே ஒழுகவில்லையே, காற்று எப்படிப் போகும்?" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. டேங்குக்கும் ஃபீட் பம்ப்புக்கும் நடுவே டீசல் உறிஞ்சப்படுகிறது, தள்ளப்படுவதில்லை. வெடிப்பு விட்ட ரப்பர் குழாய் அங்கே டீசலை வெளியே விடாது, வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். இருபது வருஷம் அசையாமல் கிடந்த அந்தக் குழாய், வேலைக்காக ஒரு தடவை வளைத்ததில்தான் வெடித்திருக்கும். பார்க்கத் தரை சுத்தமாக இருக்கும், அதையே சாட்சியாகக் காட்டிப் பம்ப்பைக் கழற்றி அனுப்பிவிடுவார்கள்.

சாட்சி வேண்டுமென்றால் பின்னால் போய் சைலன்சரைப் பார்க்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது புகையே இல்லையா? டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. காற்றை எடுங்கள், அப்படியும் வரவில்லை என்றால் நிறுத்தும் ஏற்பாட்டைப் பாருங்கள். பழைய வண்டியில் இழுத்து நிறுத்தும் ஸ்டாப் கேபிள், கொஞ்சம் புதியதில் பம்ப்பின் மேல் ஒற்றை ஒயரோடு ஒரு சாலினாய்டு. கேபிளை இழுத்த நிலையிலேயே மாட்டியிருந்தாலோ, அந்த ஒயரைச் சொருக மறந்திருந்தாலோ, ஸ்டார்ட் பண்ணும் ஆளும் நிறுத்தும் ஆளும் ஒரே வண்டியில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். டீசல் வாடையோடு வெள்ளைப் புகை வந்தால் கதை வேறு: டீசல் போகிறது, பற்றவில்லை. இங்கே பம்ப் டைமிங்கைப் பார்க்க வேண்டும். நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் நாலு ஸ்ட்ரோக்கும் முடிவதற்குள் பிஸ்டன் இரண்டு தடவை உச்சிக்கு வரும். ஒன்று நசுக்க, இன்னொன்று புகையைத் தள்ள. கிராங்க் புல்லியில் குறி இரண்டு தடவையும் ஒரே மாதிரி நேராக நிற்கும். தப்பான உச்சியில் பம்ப்பை மாட்டினால், புகை தள்ளும் நேரத்தில் டீசல் விழும். சரிபார்க்க மீட்டர் எதுவும் வேண்டாம்: நாலாவது சிலிண்டரின் இரண்டு வால்வும் ஆடுகிற இடத்தில்தான் முதல் சிலிண்டர் அடிக்கத் தயாராக நிற்கும். டாப்பெட் கவரைக் கழற்றினால் தெரிந்துவிடும். இதைப் பார்க்காமல் நாள் முழுக்க செல்ஃப் அடிக்கிற பட்டறைகள் உண்டு.

அடுத்த ஆட்சேபம் பேட்டரியைப் பற்றியது. "ஹாரன் அடிக்குது, லைட் எரியுது, பேட்டரி சூப்பர்" என்று ஒருவர் ஹாரனை அழுத்தியே நிரூபிப்பார். ஹாரனுக்குச் சில ஆம்பியர் போதும். டீசல் இன்ஜினின் ஸ்டார்ட்டருக்கு நூற்றுக்கணக்கில் வேண்டும். அதுவும் புது ரிங், புது பேரிங் போட்ட இன்ஜின் இறுக்கமாக இருக்கும். மெதுவாகச் சுற்றினால் நசுங்கிய காற்று ரிங் ஓரமாகக் கசிந்து, சூட்டையும் சிலிண்டர் சுவருக்குக் கொடுத்துவிட்டுக் குளிர்ந்துபோகும். சத்தம் கேட்கும், சூடு வராது. இங்கேயும் என் கட்சிதான் ஜெயிக்கிறது: வேலை நடந்த வாரங்களில் பேட்டரி மூலையில் கிடந்து இறங்கியிருக்கும், இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே போகிற எர்த் ஒயரைக் கழற்றியவர்கள் பெயின்ட் மேலேயே மாட்டியிருப்பார்கள். "நம்ம ஊர் வெயிலுக்கு ஹீட்டர் பிளக் எதுக்கு?" என்பதும் இந்த வகை வாதம்தான். இந்தப் பழைய இன்ஜின்களில் டீசல் ஒரு தனி அறையில் பற்றுகிறது. அதன் சுவர்கள் நிறையச் சூட்டைக் குடித்துவிடும். ரிங் இன்னும் படியாத இன்ஜினுக்கு, சித்திரை வெயிலிலும் ஹீட்டர் தேவைப்படும்.

மெக்கானிக் தரப்பு ஆட்சேபம் ஒன்று இருக்கிறது, அதை லேசாகத் தள்ள முடியாது. "முப்பது வருஷத்து வண்டி, சார். எது எப்போ போகும்னு யாருக்குத் தெரியும்? அதுக்கெல்லாம் என் கை காரணமா?" பழைய சாமான் எந்த நிமிஷமும் போகலாம், உண்மை. ஆனால் முப்பது வருஷத்தில் எத்தனையோ நிமிஷங்கள் இருந்தும், அது ஹெட்டை மூடிய அதே நிமிஷத்தைத் தேர்ந்தெடுத்தது என்று நம்ப நிறையப் பக்தி வேண்டும். கையைச் சந்தேகப்படுவதை ஆளைச் சந்தேகப்படுவதாக அவர் எடுத்துக்கொள்ளவும் வேண்டியதில்லை. கை மறந்ததைக் கையே சரிசெய்யலாம். தானாகச் செத்த சாமானுக்குக் காசு வேண்டும். ஒரே ஒரு இடத்தில் என் கட்சி தோற்கும்: வண்டி பட்டறைக்குக் கயிறு கட்டி இழுத்து வரப்பட்டிருந்தால். அப்போது பழைய நோய் அப்படியே இருக்க, வேறு நோய்க்கு ஆபரேஷன் நடந்திருக்கலாம். நாசிலை டெஸ்ட் பண்ணாமலே போர் வேலை செய்யப்பட்ட வண்டிகளை இந்தக் கணக்கில் சேர்க்கலாம்.

தள்ளி ஸ்டார்ட் பண்ணுவது பற்றியும், காற்று ஃபில்டரில் பெட்ரோல் துணி வைப்பது, ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிப்பது பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்டார்ட்டரோ பேட்டரியோ பலவீனம் என்றால் தள்ளுவது உதவும்; காற்று அடைப்புக்கு அது தள்ளுபவர்களின் உடற்பயிற்சி மட்டுமே. டைமிங் செயின் தப்பாக விழுந்திருந்தால் வால்வை பிஸ்டன் முட்டும், அதற்குப் பத்துப் பேரின் பலம் சேர்வது நல்லதல்ல. ஸ்ப்ரே அதைவிட மோசம்: ஹீட்டர் எரியும்போது அடித்தால் நேரம் கெட்ட நேரத்தில் வெடிக்கும், நேற்றுப் போட்ட புது ரிங் இன்றே உடையும். இதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. ஒருவர் காற்று எடுக்க, ஒருவர் ஒயரைச் சொருக, ஒருவர் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்க, மூன்றும் ஒரே சமயத்தில் நடந்து இன்ஜின் பிடித்துக்கொண்டால், எது பலித்தது என்று யாருக்கும் தெரியாது. அடுத்த தடவை பழத்திலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பவர்தான் காரணத்தைக் கண்டுபிடிப்பார். அப்படி ஒருவழியாக இன்ஜின் நாலு சிலிண்டரிலும் கடகடவென்று பிடித்ததும், கூட்டத்தில் ஒருவர் சந்தோஷம் தாங்காமல், "ஒரு தடவை ஆஃப் பண்ணிட்டு மறுபடி போடுங்க, பார்ப்போம்" என்பார். அவரை மட்டும் சாவிக்குப் பக்கத்தில் விடக் கூடாது. பேட்டரியில் இன்னும் சார்ஜ் ஏறியிருக்காது.