நாலு கிராம் பொய்: பிரீம் தூண்டிலியலில் ஒரு நுண்ணாய்வு

தமிழாய்வு உலகம் யாப்புக்கும் அணிக்கும் காட்டிய அக்கறையில் கால் பங்கைக்கூட நாற்பது மில்லிமீட்டர் நீளமுள்ள பிளாஸ்டிக் மீனுக்குக் காட்டவில்லை. இக்குறையைப் போக்கும் பொருட்டே இவ்வாய்வு மேற்கொள்ளப்படுகிறது. ஆய்வுப் பொருள், ஆஸ்திரேலியக் கழிமுகங்களில் பிரீம் என்னும் மீனை ஏமாற்றப் பயன்படும் சிறிய, கெட்டி உடம்பு லூர்கள். ஆய்வுப் பரப்பு, சிட்னியின் பரமட்டா ஆற்றுப் படகுத்துறைகள், சிப்பிப் பண்ணைகள், ஆய்வாளரின் கார் டிக்கி. கருதுகோள் வருமாறு: பிரீம் லூரின் நிறத்துக்கு மயங்குவதில்லை, லூர் சும்மா கிடக்கும்போதுதான் வாய் வைக்கிறது. சும்மா இருக்க மாட்டாதவர்களே நிறம் நிறமாக வாங்கி அடுக்குகிறார்கள்.

சும்மா இருத்தலின் அருமையைத் தாயுமானவர் பாடியிருக்கிறார் என்றாலும், அவர் கையில் ரீல் இருந்ததற்குச் சான்றில்லை. ஆகவே ஆய்வுக்கு இன்னும் இடமிருக்கிறது எனலாம்.

முதலில் மீன். ஆஸ்திரேலியாவில் தூண்டில்காரர்கள் பிரீம் என்று சொல்லும்போது பெரும்பாலும் இரண்டைத்தான் நினைக்கிறார்கள். கிழக்குக் கரையில் மஞ்சள் துடுப்புப் பிரீம். 1859இல் விலங்கியலாளர் குந்தர் இதை அறிவியலுக்கு அறிமுகம் செய்தார். தெற்கிலும் மேற்கிலும் கறுப்புப் பிரீம். இது தனி இனமென்று பதிவானது 1949இல்தான். விக்டோரியாவின் கிப்ஸ்லாந்து ஏரிகள் பக்கம் இரண்டும் சந்தித்துக் கலப்பு மணமும் செய்துகொள்கின்றன. சாதிச் சங்கம் எதுவும் ஆட்சேபித்ததாகத் தகவல் இல்லை.

நியூ சவுத் வேல்ஸ் சட்டப்படி 25 சென்டிமீட்டருக்குக் குறைந்த பிரீமை வைத்துக்கொள்ளக் கூடாது. அந்த நீளத்தை எட்ட அதற்குச் சுமார் ஐந்து ஆண்டுகள் பிடிக்கும். அதாவது சட்டத்துக்கு உட்பட்ட மிகச் சின்னப் பிரீம்கூடப் பள்ளிக்கூடத்தில் சேரும் வயதுடையது. படகுத்துறைத் தூணடியில் வளரும் ஒரு மீன் அந்த ஐந்து ஆண்டுகளில் எத்தனை கம்பெனி லூர்களைப் பார்த்திருக்கும் என்பதை வாசகர் கணக்கிட்டுப் பார்க்கலாம். உணவில் அது பேதம் பார்ப்பதில்லை. சிப்பி, நண்டு, இறால், புழு, கோழிக்குடல், ரொட்டி, பாலாடைக்கட்டி எல்லாம் தின்னும். சிப்பி ஓட்டை நொறுக்கக் கடைவாயில் உருண்டைப் பற்கள் வேறு உண்டு. கண்டதையும் தின்னும் இந்த மீன் ஒரே ஒரு பொருளைக் கண்டால் மட்டும் நின்று, முகர்ந்து, யோசித்துத் திரும்பிப் போகிறது. அந்தப் பொருள்தான் நம் ஆய்வுப் பொருள்.

கள ஆய்வின்போது மெடோபேங்க் படகுத்துறையில் ஒரு தகவலாளர் கிடைத்தார். யாழ்ப்பாணத்துக்காரர், அறுபதைத் தாண்டியவர். பழைய ராட் ஒன்று, ஒரு வாளி, ஒரு பொட்டலம் கோழி இறைச்சி. இவையே அவருடைய கருவிகள். ஆய்வாளரின் பெட்டியை எட்டிப் பார்த்தார்.

“தம்பி, மீன் பிடிக்க வந்தனீரோ, நகை விக்க வந்தனீரோ?”

“லூர் அண்ணே. ஜப்பான் சரக்கு.”

“என்ன விலை?”

“இருபத்தஞ்சு டாலர்.”

“பெட்டியோடயோ?”

“இல்லண்ணே, ஒண்ணு.”

அவர் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கோழித் துண்டொன்றை முள்ளில் குத்தி எறிந்தார். அடுத்து நிகழ்ந்தது இவ்வாய்வின் கருதுகோளோடு தொடர்பற்றது என்பதால் இங்கே பதிவு செய்யப்படவில்லை.

முன்னோடி ஆய்வுகளைக் குறிப்பிடாமல் மேலே செல்வது மரபன்று. பின்லாந்தின் லௌரி ராபலா ஏரியில் வலை வீசிப் பிழைத்தவர். பெரிய மீன்கள் கூட்டத்தில் தள்ளாடி நீந்தும் சின்ன மீனையே தேர்ந்து பிடிப்பதைக் கவனித்தார். 1936இல் தக்கையைக் கத்தியால் செதுக்கி, சாக்லேட் சுற்றிய மினுக்குத் தாளை ஒட்டி, புகைப்பட ஃபிலிமை உருக்கி மேற்பூச்சாகப் பூசி, அந்தத் தள்ளாட்டத்தை ஒரு பொம்மைக்குள் கொண்டுவந்தார். 1962இல் லைஃப் பத்திரிகை அவரைப் பற்றி எழுதிய கட்டுரை, மெர்லின் மன்றோவின் மறைவை அட்டையில் தாங்கிய இதழில் வெளிவந்தது. அமெரிக்காவே வாங்கிய இதழ் என்பதால் லூருக்கு ஆர்டர் குவிந்தது. ஆராய்ச்சிக்குத் திறமை மட்டும் போதாது, எந்த இதழில் அச்சாகிறது என்பதும் முக்கியம். உதவிப் பேராசிரியர்கள் இதை அறிவார்கள்.

இன்று பிரீம்காரர்களின் பெட்டியில் அரசாள்வது பெரும்பாலும் ஜப்பான். ஜாக்கால் சபி என்னும் 38 மில்லிமீட்டர்க் குண்டு லூரும், எக்கோகியர் எஸ்எக்ஸ்40 என்னும் 40 மில்லிமீட்டர் ஒல்லி லூரும் இத்துறையின் மூல நூல்கள். சபியைக் கையில் எடுத்துப் பாருங்கள். எடை சுமார் நாலு கிராம். மூக்கின் கீழே கண்ணாடி நாக்குப் போல ஒரு தகடு. இழுக்கும்போது தண்ணீரைத் தள்ளி லூரைக் கீழே முக்குவது இதுதான். தகடு நீண்டு முன்னால் சாய்ந்திருந்தால் ஆழம் போகும்; குட்டையாகச் செங்குத்தாக இருந்தால் மேலேயே தவழும். வயிற்றிலும் வாலிலும் மும்முனை முள் ஒவ்வொன்று, குட்டி வளையத்தில் தொங்கும். மூக்கில் தங்கூசி என்னும் தூண்டில் நரம்பைக் கட்டும் கம்பிக்கண். லூர் இடப்பக்கம் சாய்ந்து ஓடினால் இந்தக் கண்ணைக் குறடால் வலப்பக்கம் ஒரு மயிரிழை வளைக்க வேண்டும். மயிரிழை என்பது இங்கே அலங்காரச் சொல் அல்ல. அதற்கு மேல் வளைத்தால் லூர் வட்டமிடத் தொடங்கும்.

இனி மிதப்புக் கொள்கை. லூர்கள் மிதப்பவை, மூழ்குபவை, அந்தரத்தில் நிற்பவை என மூவகைப்படும். மூன்றாவது வகைதான் ஆய்வாளர்களின் தூக்கத்தைக் கெடுப்பது. நன்னீரில் அசையாமல் நிற்கும்படி செய்த நாலு கிராம் லூரின் பருமன் நாலு கன சென்டிமீட்டர். கடல்நீரின் அடர்த்தி சுமார் 1.025. எனவே அதே லூர் கடல்நீரில் 4.1 கிராம் நீரை விலக்கும். மிச்சமுள்ள பத்தில் ஒரு பங்கு கிராம், அதாவது நாலைந்து அரிசி மணியின் எடை, லூரை மெல்ல மேலே தூக்கிவிடும். கழிமுகத்தில் உப்பு வேளைக்கு வேளை மாறும். கடலேற்றத்தில் மேலெழும் லூர், மழைக்கு மறுநாள் அதே இடத்தில் கொள்கை மாறி அப்படியே நிற்கும். இதற்காகவே வயிற்றில் ஒட்டும் ஈயப் பட்டைகள் தனியே விற்கிறார்கள். பட்டையை நகத்தால் கிள்ளிக் கிள்ளி எடுத்து, கரையோரத் தண்ணீரில் விட்டுப் பார்த்து, மறுபடி கிள்ளும் பெரியவர்களைத் துறைகளில் காணலாம். கல்யாண வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் இவர்கள் இத்தனை பொறுமை காட்டியதுண்டா என்பது தனி ஆய்வுக்குரியது.

விக்டோரியாவின் கிளெனல்க் போன்ற ஆறுகளில் இக்கொள்கை உச்சத்தைத் தொடுகிறது. அங்கே கனமான கடல்நீர் அடியில் புகுந்து நிற்க, ஆற்றுநீர் அதன் மேல் வழுக்கிப் போகும். இரண்டுக்கும் இடைப்பட்ட அடர்த்தியுள்ள லூர் ஆற்றுநீரில் மூழ்கி, உப்புநீரின் முதுகில் போய் உட்கார்ந்துகொள்ளும். கீழே இன்னும் பல மீட்டர் ஆழமிருக்க, நடுத்தண்ணீரில் ஒரு தரை! கறுப்புப் பிரீம்கள் இந்த எல்லையை ஒட்டித்தான் அடிக்கடி உலாவுகின்றன. ஆர்க்கிமிடீஸ் குளியல் தொட்டியோடு நிறுத்திக்கொண்டது நமக்கு நல்லதாயிற்று. இந்த ஆறுகள் பக்கம் வந்திருந்தால் கணிதத்தை விட்டிருப்பார்.

நிறக் கொள்கையில் உரையாசிரியர்கள் இரு பிரிவினர். தெளிந்த நீருக்கு உள்ளூர் இறாலின் பழுப்பு, கலங்கல் நீருக்குக் கறுப்போ கண்ணைப் பறிக்கும் நிறமோ என்பது ஒரு சாரார் கூற்று. இதைத் தலைகீழாக்கிச் சொல்லி, அதற்கும் மீன் பிடித்த படத்தைக் காட்டுவோர் மறு சாரார். ஒளியியலைச் சான்றுக்கு அழைத்தால் நிலைமை இன்னும் குழம்பும். தெளிந்த கடலில் சிவப்பு முதலில் மறையும். இலைச்சாறு இறங்கித் தேநீர் நிறமான ஆறுகளில் நீலம் முதலில் மறையும். மீன் நிற்பதோ பெரும்பாலும் ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் ஆழத்தில். தெளிந்த நீரில் அந்த ஆழத்தில் எந்த நிறமும் முழுதாக மறைந்துவிடுவதில்லை. எனினும் ஒரே லூரைப் பத்துப் பன்னிரண்டு நிறத்தில் கம்பெனிகள் விற்கின்றன. எல்லாம் விற்றுப் போகின்றன. வயிற்றுப் பக்கத்து நிறம் வேறு, முதுகுப் பக்கத்து நிறம் வேறு, கண்ணுக்குத் தனி நிறம். கடையில் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் முகங்களில் தீபாவளிப் புடவை எடுக்கும் களை இருக்கும்.

இப்போது ஆய்வின் மையப் பகுதி. லூரை எறிகிறோம். நாலைந்து சுற்றுச் சுற்றி ஆழத்துக்கு இறக்குகிறோம். நிறுத்துகிறோம். பிரீம் பின்னாலேயே வந்திருக்கும். ஓடும் பொருளைத் துரத்தி அடிப்பதைவிட, ஓடி நின்ற பொருளைக் கிட்டப் போய்ச் சோதிப்பதே அதன் சுபாவம். அது வாய் வைப்பது இந்த நிறுத்தத்தில்தான். கையில் அடி எதுவும் விழாது. தொய்ந்து கிடக்கும் தங்கூசி தண்ணீரைத் தொடும் இடத்தில் ஒரு விரற்கடை பக்கவாட்டில் நகரும், அவ்வளவே. அதைப் பார்க்கக் கண் அங்கே இருக்க வேண்டும். கை எதுவும் செய்யாமலிருக்க வேண்டும். கோடையில் மூன்று விநாடி போதும். குளிர்காலத்தில் பத்து எண்ணச் சொல்வார்கள். பத்து எண்ணுவது எளிது என்று நினைப்பவர்கள் ஒரு ஜூலை மாத விடியலில் எண்ணிப் பார்க்கட்டும். நாலில் விரல் தானாக ரீலைச் சுற்றும். ஐந்தில் இந்த நிறம் சரியில்லை என்ற ஞானம் பிறக்கும். ஆறில் பெட்டி திறக்கும்.

இதிலிருந்து பெறப்படும் விதி: ஒருவர் பெட்டியிலுள்ள லூர்களின் எண்ணிக்கையும், அவர் லூரை நிறுத்தி வைக்கும் விநாடிகளும் எதிர்விகிதத்தில் அமையும், இரண்டின் பெருக்குத்தொகை மாறாது. பாயில் இதையே வாயுக்களுக்குச் சொன்னார். துணைச் சான்றாக ஆஸ்திரேலியர்களின் கிராங்கா கிராப்பைக் காட்டலாம். நண்டு வடிவ லூர். தூணடியில் எறிந்து, அடியில் போய் உட்காரவிட்டு, கிட்டத்தட்ட ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுவதே அதை உபயோகிக்கும் முறை. பிரீம்காரர்களிடையே அதற்கிருக்கும் மதிப்பு தனி. மெடோபேங்க் அண்ணரின் கோழித் துண்டும் முழு நேரமும் சும்மாவே கிடந்தது. அந்த அளவில் அது தொடர்பற்றது என்று மேலே கூறியதைத் தளர்த்திக்கொள்ளலாம்.

விதிக்கு ஒரு விலக்கு, சிப்பிப் பண்ணை. ஏற்றத்தில் பண்ணைச் சட்டங்கள் தண்ணீருக்குச் சற்றுக் கீழே மூழ்கியிருக்கும். ஆழம் போகாத லூரை அவற்றின் மேல் ஓட்டினால் அடியிலிருந்து பிரீம் எழுந்து அடிக்கும். அடித்த கையோடு சட்டத்துக்குள் புகும். சிப்பி ஓட்டில் நரம்பு உரசினால் அறுந்தது அறுந்ததுதான். இங்கே சும்மா இருப்பவர் லூரை இழப்பார். சட்டங்களுக்கிடையே சிக்கிக் கிடக்கும் இந்தக் குட்டிப் பொம்மைகளை நாளைய அகழாய்வாளர்கள் சடங்குப் பொருள் என்று வகைப்படுத்துவார்கள். அது பிழையாகாது.

பிடித்த மீனை என்ன செய்வது என்ற வினா எஞ்சுகிறது. சிட்னி துறைமுகப் பாலத்துக்கு மேற்கே பிடித்த எதையும் சாப்பிடக் கூடாது, விட்டுவிட வேண்டும் என்பது அரசின் அறிவுரை. கிழக்கே பிடித்தால் பொதுவாக மாதத்துக்கு 150 கிராம். காரணம் டையாக்சின். ஹோம்புஷ் குடாவின் கரையில், ரோட்ஸில், யூனியன் கார்பைடு உள்ளிட்ட இரசாயன ஆலைகள் விட்டுச்சென்ற சொத்து அது. போபாலை மறக்காத வாசகர்களுக்கு இந்தப் பெயரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 2006இல் துறைமுகத்தில் வணிக மீன்பிடிப்பே நிறுத்தப்பட்டது. ஹோம்புஷில் இறங்கி இடியாப்பம் வாங்கிக்கொண்டு தூண்டில் போடப் போகும் தமிழர்கள் பிடிப்பதை விட்டுவிட்டு இடியாப்பத்தோடு திரும்புகிறார்கள்.

மேலாய்வுக்குரிய களங்கள் பல. கோடையில் சில்வண்டுகள் தண்ணீரில் விழும் காலத்து மேல்மட்ட லூர்களை இக்கட்டுரை தொடவில்லை. லூரில் பூண்டு வாசனைப் பசை தடவும் பழக்கமும் ஆராயப்பட வேண்டும். ஆஸ்திரேலிய மீனுக்குப் பூண்டுச் சுவை எங்கிருந்து ஒட்டியது? இவற்றுக்காகப் புதிதாக ஆறு லூர்கள் வாங்க நிதி கோரி, வீட்டு நிதிக்குழுவிடம் விண்ணப்பம் அளிக்கப்பட்டது. “ஏங்க, போன வருஷக் கணக்கே இன்னும் வரல. ஒரு மீனாவது கண்ணுல காட்டுங்க, அப்புறம் பார்க்கலாம்” என்ற குறிப்போடு அது திரும்பிவிட்டது. பாலத்துக்கு மேற்கே பிடித்த மீனை விட்டுவிட வேண்டும் என்ற அரசு அறிவிப்பின் நகலை இணைத்து மறு விண்ணப்பம் செய்யப்பட்டுள்ளது.