பேராண்டியும் பாஷ்ஆர்சியும்

ஏலே பேராண்டி, லாகின் ஆனதும் ஒன் லினக்ஸ் பெட்டி தானா வேலை செய்யணும்னு ஆசைப்பட்ட. நல்ல ஆசைதான். அதுக்காக வால்பேப்பர் மாத்துததையும் பேக்கப் எடுக்கதையும் கொண்டுபோயி டாட் பாஷ்ஆர்சியில எழுதி வச்சிருக்கியே, ஒன் அறிவை மெச்சுதேன். ஒரு டெர்மினல் தொறந்தா ஒரு பேக்கப், நாலு தொறந்தா நாலு. டெர்மினலே தொறக்காத அன்னைக்குப் பேக்கப்புக்கும் லீவு. எந்த மகராசன்லே சொல்லிக்குடுத்தான்?

நான் வயக்காட்டு மனுசன், எனக்கு என்ன தெரியும். இருந்தாலும் கேட்டுக்க. டெஸ்க்டாப் வந்ததும் ஓட வேண்டியதுக்குன்னு ஹோம் ஃபோல்டர்ல ஒரு எடம் உண்டு: டாட் கான்ஃபிக், அதுக்குள்ள ஆட்டோஸ்டார்ட். அங்க டாட் டெஸ்க்டாப்னு முடியுத ஒரு சின்ன ஃபைல் வையி. மொத வரியில சதுர அடைப்புக்குள்ள டெஸ்க்டாப் என்ட்ரின்னு (Desktop Entry) தலைப்புப் போட்டு, அதுக்குக் கீழ டைப், நேம், எக்ஸெக்னு மூணு வரி போதும். க்னோமும் கேடிஇயும் எக்ஸ்எஃப்சிஇயும் ஆயிரம் சண்டை போட்டாலும் இந்த வழக்கத்துக்கு மட்டும் கட்டுப்படும்.

எக்ஸெக் வரியில ஹோமுக்குச் சுருக்கமா அந்த வளைஞ்ச கோட்டைப் போட்டுட்டு "ஓடல தாத்தா"ன்னு வந்து நிக்காத. அந்த வரியை ஷெல் வாசிக்கதில்ல, கோட்டுக்கு அர்த்தம் சொல்ல அங்க ஆளும் இல்ல. முழுப் பாதையை எழுது. சிஹெச்மாட் அடிச்சு, ஓடுததுக்கு அனுமதியும் குடு. அதைக் குடுக்காமலே லினக்ஸைத் திட்டுத மேதாவிங்களை நான் நெறைய பாத்தாச்சு.

ஒன் சேக்காளி கிரான்டேப்ல அட் ரீபூட் போடச் சொன்னானாமே! அது பெட்டி எழுந்திரிக்கும்போதே ஓடிரும்லே, நீ பாஸ்வேர்டு அடிக்கவரைக்கும் காத்துக்கெடக்காது. திரையே வராத நேரத்துல வால்பேப்பர் மாத்துதது, மண்டபம் தொறக்குமுன்ன பந்தியில உக்காந்த கதை.

பேக்கப்புக்கு லாகினே எதுக்கு? சிஸ்டம்டி டைமர் ஒண்ணு போடு. 2010-ல வந்ததுல இருந்து அதைத் திட்டுததே சில பெரிசுகளுக்குப் பொழுதுபோக்கு. நான் அந்தக் கூட்டத்துல இல்ல. பெர்சிஸ்டென்ட்னு ஒரு வரி சேத்தா, பெட்டி அணைஞ்சு கெடந்த நேரத்துல தவறுன வேலையைப் பொறவு செஞ்சிரும். ஏன் ஓடலன்னு ஜர்னல்சிடிஎல்ல கேட்டா பதிலும் வரும். நீ எங்கிட்ட ஒரு நாளாவது அப்படிப் பதில் சொல்லியிருக்கியா?

இப்ப டாட் ப்ரொஃபைல்ல கை வைக்கணும்னு ஒனக்குத் தோணும், தெரியும். அது பாத் மாதிரி சங்கதிகளுக்கு உள்ள எடம். எங்கேயோ இருந்து ஒட்டுன ஸ்கிரிப்டுல கடைசி வரி எக்ஸிட்னு இருந்து, அது அங்க போயிருச்சுன்னு வையி: பாஸ்வேர்டு சரியாத்தான் அடிப்ப, திரை ஒருக்கா கறுத்து மறுபடி லாகினுக்கே வந்து நிக்கும். பெரிய கெட்டிக்காரனாட்டம் கன்ட்ரோல் ஆல்ட் எஃப்3 அமுக்கி டெக்ஸ்ட் கன்சோலுக்குப் போவ. அங்கேயும் அதே ப்ரொஃபைலைத்தான் வாசிக்கும், அங்கேயும் வெளியே தள்ளும். அப்பறம் ரெக்கவரி மோடுல ஏறி, ரூட்டா நின்னு, அந்த ஒத்தை வரியை நீயே அழிச்சுக்க. என்னைக் கூப்பிடாத, அந்நேரம் நான் தூங்கிக்கிட்டிருப்பேன்.