குடவோலைக்குத் தகுதியில்லாத முனைவர்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் குடவோலைத் தேர்தல் விதிகள் இருக்கின்றன. 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி, ஊர்ச்சபை வாரியத்தில் உட்கார 35 வயது ஆகியிருக்க வேண்டும். கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும் வேண்டும். கணிப்பு உயிரியலில் முனைவர் பட்டம் வாங்கிய நம்மூர்ப் பிள்ளைக்கு மூன்றாவது ஒப்பந்த வேலையிலும் வாடகை வீடுதான். 35 வயது மட்டும் ஆகிவிட்டது. உதவிப் பேராசிரியர் விளம்பரங்கள் பலவற்றில் கதவு சாத்துகிற வயதும் அதுதான்.

அவன் ஆராய்வது சீ. எலிகன்ஸ் என்ற ஒரு மில்லிமீட்டர் புழு. அதன் வளர்ச்சியில் 1,090 உடல் செல்கள் பிறக்கும். 131 திட்டப்படி செத்து, 959 மிஞ்சும். எந்தச் செல் எப்போது பிறந்து என்னவாகும் என்று ஜான் சல்ஸ்டன் கூட்டாளிகளோடு 1983-க்குள் ஜாதகமே கணித்துவிட்டார்.

"புழு கெடக்கட்டும், நீ எப்பப்பா பர்மனென்ட் ஆவே?" என்றார் பெரியப்பா.

"நேர்காணல் நடந்திருக்கு பெரியப்பா. ரிசல்ட் வரல."

"எத்தினி மாசமா? பேசாம பேரை ஓலையில எழுதிக் குடத்துல போடச் சொல்லு. ஒரு சின்னப் பையன் போதும், சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிடும்."