பிரிப்பது அவர், பூட்டுவது ஊர்

போர்ட்டிகோவில் நிழலாக, தார்ப்பாய் போர்த்தி ஒரு கார். அதே வீட்டு வாசலில், வெயிலில் காய்ந்து, காக்கை எச்சத்தோடு இன்னொரு கார். வெளியே நிற்பது ஓடும். உள்ளே நிற்பது ஓடாது. இந்த ஏற்பாட்டை எந்தத் தெருவில் கண்டாலும் தயங்காமல் ஒரு முடிவுக்கு வந்துவிடலாம்: பழைய காரை வீட்டிலேயே பழுதுபார்க்கும் ஆசாமி ஒருவர் அங்கே குடியிருக்கிறார்.

இந்த இனத்தில் உட்பிரிவுகள் உண்டு. அம்பாசிடர்காரர்கள் பெரும்பான்மையினர். 1957இல் தொடங்கி 2014 வரை வந்த வண்டி என்பதால் சாமானுக்குப் பஞ்சம் இல்லை. அந்தத் தெம்பு பேச்சிலேயே தெரியும். ஃபியட்காரர்கள் சற்று நாசூக்கு. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் கியர் இருப்பதைக் குடும்பப் பெருமையாகச் சொல்வார்கள். பிரீமியர் பத்மினிக்கு அந்தப் பெயர் வந்தது ராஜபுத்திர அரசியால், நம் நடிகையால் அல்ல என்று சொன்னால் மட்டும் மூத்த ஃபியட்காரர்களின் முகம் வாடிவிடும். இவர்கள் இருக்கட்டும். சொல்ல வந்தது மூன்றாவது பிரிவை: ஸ்டாண்டர்டு ஹெரால்டுகாரர். எண்ணிக்கையில் குறைவு, பிடிவாதத்தில் முதலிடம்.

எனக்குத் தெரிந்த ஹெரால்டு சார் மேற்குத் தாம்பரத்தில் இருக்கிறார். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்தப் பெயர் தெருவில் யாருக்கும் தெரியாது. கூரியர்காரர்கூட ‘ஹெரால்டு சார் வீடு’ என்றுதான் விசாரித்து வருவார். முகமும் பலருக்குத் தெரியாது. காருக்கு அடியிலிருந்து நீண்டிருக்கும் இரண்டு கால்களோடுதான் தெரு பேசுகிறது. பால் பாக்கி, சங்கச் சந்தா, “சார், மேல டேங்க் வழியுது, மோட்டாரை நிறுத்துங்க” எல்லாம் அந்தக் கால்களிடம்தான் தெரிவிக்கப்படும். செய்தி போய்ச் சேர்ந்தால் வலது கட்டைவிரல் ஒருமுறை அசையும்.

வெளியே வந்துவிட்டாரென்றால் நமக்கு வேலை இருப்பதாகச் சொல்லிக் கிளம்புவது நல்லது. இல்லையென்றால் வண்டியின் பூர்வீகம் முழுக்கக் கேட்டாக வேண்டும். உருவத்தை வரைந்தவர் ஜியோவானி மிச்சலோட்டி என்ற இத்தாலியர். எஞ்சின் 948 சிசி. இங்கிலாந்தில் அதன் பெயர் ட்ரையம்ஃப் ஹெரால்டு. 1961இலிருந்து அதை ஸ்டாண்டர்டு என்ற பெயரில் நம் சென்னையிலேயே செய்தார்கள். தொழிற்சாலை பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம். வெள்ளைக்காரனுக்கு இரண்டு கதவு போதுமாக இருந்தது. அத்தை, சித்தி, பெரியம்மா எல்லோரும் ஏறி இறங்கவேண்டிய ஊருக்கு அது எப்படிப் போதும்? மார்க் த்ரீயில் நான்கு கதவு வைத்துவிட்டார்கள். “அது நம்ம மெட்ராஸ்காரன் மூளை சார்” என்று அவர் சொல்லும்போது, அந்த நான்கு கதவையும் அவரே பொருத்திய மாதிரி நெஞ்சு நிமிரும். ஆக, வண்டிக்குப் பிறந்த வீடு பெருங்களத்தூர், புகுந்த வீடு தாம்பரம். பஸ்ஸில் உட்கார இடம் கிடைப்பதற்குள் வந்துவிடுகிற தூரம்தான். ஆனால் பெண் பிறந்தகம் போவது அபூர்வம்.

ஹெரால்டின் பானெட் மற்ற கார்களைப் போல மூடி மட்டும் திறப்பதல்ல. மட்கார்டு, ஹெட்லைட் சகிதம் முன்பக்கம் மொத்தமும் அப்படியே முன்னால் கவிழும். முன்சக்கர டயர்மேலேயே உட்கார்ந்து எஞ்சினைப் பார்க்கலாம். இதற்காகவே இந்த வண்டியை வாங்கினேன் என்பார். காலையில் காபி டம்ளரோடு டயர்மேல் உட்கார்ந்து பார்க்கிறார். பேப்பர் படிப்பதும் அங்கேதான்.

கேட்டால், எல்லா வேலையும் நானே செய்கிறேன் என்பார். எஞ்சினை அவரே இறக்கினார் என்றால், மெக்கானிக் பாயும் இரண்டு பையன்களும் செயின் பிளாக் கட்டி இறக்கினார்கள், இவர் “மெல்ல, மெல்ல” என்றார் என்று அர்த்தம். பெயின்ட் அவரே அடித்தார் என்றால் உப்புத்தாள் வாங்கிக் கொடுத்தார். ஆனால் ஒரு வேலையை உண்மையாகவே அவர் யார் துணையும் இல்லாமல் செய்வார். அது பிரிப்பது. பிரிப்பதில் அவருக்கு நிகர் கிடையாது. பூட்டுவதுதான் ஊர் கூடிச் செய்யவேண்டியிருக்கிறது.

அந்தக் கார்ப்பரேட்டர் ஞாயிற்றுக்கிழமையைச் சொல்கிறேன். “ஐடிலிங் நிக்க மாட்டேங்குது” என்று கழற்றினார். கார்ப்பரேட்டருக்குள் இருப்பவை எல்லாம் பொடிப் பொடிப் பித்தளைச் சாமான்கள். உருண்டு ஓடினால் கிடைக்காது. அதற்கு அவர் கண்டுபிடித்த உபாயம் இட்லித் தட்டு. முதல் குழியில் மெயின் ஜெட், அடுத்ததில் பைலட் ஜெட், மூன்றாவதில் நீடில் வால்வு, நான்காவதில் அதன் வாஷர். கழற்றிய வரிசையிலேயே குழி குழியாக வைத்து, ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெயில் பிரஷ் போட்டுத் தேய்த்து, ஜெட்டின் ஓட்டையை ஒற்றைக் கண்ணால் சூரியனுக்கு எதிரே பிடித்துப் பார்த்து, ஊதி, மறுபடியும் அதே குழியில். முறையைக் குறை சொல்லவே முடியாது. தன்னிடம் இருந்த கவனம் முழுவதும் அந்தத் தட்டில்தான் இருந்தது. தட்டு யாருடையது என்பதில் மட்டும் இல்லை.

சாயங்காலம் உள்ளேயிருந்து அம்மாவின், அதாவது சாருடைய மனைவியின், குரல் வந்தது. “ஏங்க, இட்லித் தட்டு எங்க?”

“ரெண்டே நிமிஷம்.”

அந்த இரண்டு நிமிஷம் ஒரு ஃபோன் அழைப்பில் நீண்டது. திரும்பி வந்தபோது தட்டு தேய்த்துக் கழுவி அடுக்களைக்குப் போய்விட்டது. சாமான்கள் எல்லாம் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில். “ஒண்ணுகூட தொலையல, எண்ணித்தான் போட்டேன்” என்றார் அம்மா. உண்மைதான், ஒன்றுகூடத் தொலையவில்லை. வரிசைதான் தொலைந்திருந்தது. கோபப்பட இடமில்லாமல் ராத்திரிவரை உட்கார்ந்து பூட்டினார். ஒரு ஸ்பிரிங் மிஞ்சியது. “இது கம்பெனிக்காரன் சும்மா போட்டது” என்று அதை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டார். அந்த பாட்டிலில் ஏற்கெனவே இப்படிச் சும்மா போட்டவை முக்கால்வாசி இருக்கின்றன. பாட்டில் நிறைய நிறைய வண்டியின் கனம் குறைந்துகொண்டு வருகிறது. மறுநாள் அந்த வீட்டில் இட்லி கிடையாது. மண்ணெண்ணெய் வாசனை போக ஒரு வாரம் ஆயிற்று.

ஸ்பானர் விவகாரம் தனி. இங்கிலாந்துப் பிறவி என்பதால் ஹெரால்டின் நட்டுகள் இஞ்ச் கணக்கு. கடையில் கிடைக்கும் ஸ்பானரோ மில்லிமீட்டர். அரை இஞ்ச் என்பது 12.7 மில்லிமீட்டர். பதிமூன்றாம் நம்பர் ஸ்பானர் அதில் போய் உட்காரத்தான் செய்யும். அந்த நம்பிக்கையில் ஓர் அழுத்து அழுத்தினால் நட்டின் மூலை மழுங்கி உருண்டுவிடும். அப்புறம் எந்த ஸ்பானரும் பிடிக்காது. “0.3 மில்லிமீட்டர்தானே வித்தியாசம்” என்பார். வங்கியில் கணக்கில் முப்பது பைசா இடித்தால் ராத்திரி ஒன்பது மணிவரை கிளார்க்கை வீட்டுக்கு விடாதவர் இவர் என்று சொல்கிறார்கள்.

வங்கிப் புத்தி வேறோர் இடத்தில் காலை வாரிவிட்டது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி மாட்டியபோது பிளக் ஒயர்களை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று லெட்ஜர் மாதிரி வரிசையாகச் செருகினார். நான்கு சிலிண்டரும் வரிசையாக வெடிக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயம்தான். ஆனால் அந்த எஞ்சின் 1-3-4-2 என்ற வரிசையில்தான் வெடிக்கும். சாவி போட்டதும் சைலன்சர் விட்ட சத்தத்தில் தெரு நாய்கள் பக்கத்துத் தெருவுக்குக் குடிபெயர்ந்தன. அடுத்த வீட்டு இன்ஜினியரிங் மாணவன் செல்போனும் கையுமாக வந்து, “அங்கிள், ஒண்ணாம் நம்பர் மட்டும்தான் கரெக்டா இருக்கு” என்று மற்ற மூன்றையும் மாற்றிச் செருகினான். கிளம்பிவிட்டது. அதன் பிறகு அந்தப் பையன் படிப்பு எப்படி என்று அவர் அடிக்கடி விசாரிக்கிறார்.

எல்லாவற்றுக்கும் மேலே பாய். பல்லாவரம் பக்கத்து மனிதர். ஹெரால்டு புதிதாக ஓடிய காலத்தில் கை வைத்துப் பழகியவர். ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சின்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடுவார். “வால்வு இல்ல சார், டைமிங் செயின்” என்பார். பிரித்துப் பார்த்தால் டைமிங் செயினாகத்தான் இருக்கும். ஹெரால்டு சார் போன மாதம்தான் முன்சக்கரத்துக்கு உள்பக்கம் கீழே இருக்கும் ட்ரன்னியன் என்ற மூட்டில் கிரீஸ் கன்னை வைத்துப் பிதுங்கப் பிதுங்க அடித்திருந்தார். பாய் விரலால் தொட்டுப் பார்த்தார்.

“இன்னா சார், இதுல போய் கிரீஸ் அடிச்சிருக்கீங்க?”

“ஏன் பாய், நல்லதுதானே?”

“மத்த வண்டிக்கு நல்லது. இதுக்குத் தொண்ணூறாம் நம்பர் கியர் ஆயில்தான். கிரீஸு காஞ்சி கெட்டியாய்டும், மரை தேஞ்சிடும், ஒருநாள் மூட்டு ஒடஞ்சி சக்கரம் உள்ள மடிஞ்சி படுத்துக்கும்.”

பாய் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் ஹெரால்டு சார் அன்று மாலை எங்களிடம் சொன்னபோது, ட்ரன்னியனுக்குக் கிரீஸ் கூடாது என்பது அவரே ஆராய்ந்து கண்ட உண்மையாக மாறியிருந்தது. பாய்க்குச் சொல்லிக்கொடுத்ததாகக்கூட ஒரு தொனி. என் கட்சி இதில் பாய் பக்கம்தான். ஊரில் ஓடும் ஒவ்வொரு பழைய காருக்குப் பின்னாலும் இப்படி ஒரு பாய் இருக்கிறார்; ராலியில் கோப்பை வாங்கும்போது படத்தில் அவர் இருப்பதில்லை.

சாமான் வேட்டைக்குப் புதுப்பேட்டைக்கும் ஜி.பி. ரோட்டுக்கும் போவார். அங்கே விலை படியவேண்டுமானால் பொருள் நமக்குத் தேவையில்லாததுபோல் நிற்கத் தெரியவேண்டும். இவருக்கு அது வராது. ஒரு பழைய ஹப் கேப்பைக் கண்டதும் கண் கலங்கிவிடும். கடைக்காரர் அப்போதே விலையைத் தீர்மானித்துவிடுவார். போதாக்குறைக்கு அவருக்கே மிச்சலோட்டி பாடம் வேறு. ஒரு கடைப் பையன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஹெரால்டா? அது பேப்பராச்சே சார்” என்றானாம். வாங்கிய விலையை வீட்டில் சொல்லும்போது கடைசிப் பூஜ்யத்தைத் துரு தின்றுவிடும். அம்மாவுக்குத் தெரியாமல் இல்லை. பில் சட்டைப் பையிலேயே இருக்கிறது, சட்டையைத் துவைப்பவர் அவர்தான்.

போன மே மாதம் கூடுவாஞ்சேரியில் ஒரு கல்யாணம். வண்டியில்தான் போகவேண்டும் என்றார். பட்டுப்புடவையில் கிரீஸ் படாமல் அம்மா ஏறி உட்கார்ந்தது ஒரு வித்தை. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஜம்மென்று போன வண்டி சரியாகப் பெருங்களத்தூரில் நின்றது. “பொறந்த வீட்டைப் பார்த்ததும் வர மனசில்ல போல” என்று சொல்லிவிட்டு, மொய்க் கவரை எடுத்துக்கொண்டு அம்மா ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டார். கோளாறு பெரிதில்லை. உச்சி வெயிலில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிட்டால் பம்ப் எதை இழுக்கும்? பம்ப்மேல் ஈரத்துணி சுற்றி ஆறவிட்டால் சரியாகிவிடும். துணியாக அகப்பட்டது ஜரிகை அங்கவஸ்திரம் ஒன்றுதான். தாம்பூலப் பையோடு அம்மா திரும்பி வந்தபோது எஞ்சின் ஆறி வெகுநேரமாகியிருந்தது. பானெட்டைக் கவிழ்த்துவிட்டு டயர்மேல் உட்கார்ந்திருந்தார், சுற்றிலும் பெருங்கூட்டம். ஒவ்வொருவரின் அப்பாவும் ஒரு காலத்தில் ஹெரால்டு வைத்திருந்திருக்கிறார். அவர்கள் சொல்லச் சொல்ல இவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். கல்யாணச் சாப்பாட்டில் அவ்வளவு திருப்தி அவர் முகத்தில் ஒருநாளும் பார்த்ததில்லை என்கிறார் அம்மா.

2021இல் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கென்று பதிவு விதிகள் கொண்டுவந்தது. ஐம்பது வயது தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத வண்டி. புதிதாகப் பதிய இருபதாயிரம் ரூபாய். ஏற்கெனவே பதிவானது என்றால் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். இப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்டக்கூடாது. அந்த ஒரு விதியை அவர் சட்டம் வருவதற்கு முன்பிருந்தே கடைப்பிடித்து வருகிறார்.

இப்போது அவருக்கு இருக்கும் ஒரே குறை இடது பின்கதவு. எஞ்சின் சாமானுக்கும் பிரேக் சாமானுக்கும் இங்கிலாந்தில் சொல்லிவைத்தால் புத்தம் புதிதாகக் கூரியரில் வந்துவிடுகிறது. பின்கதவு வராது. வெள்ளைக்காரன் வண்டிக்குத்தான் பின்கதவே கிடையாதே! இருக்கும் கதவில் இரும்பு பாதி, டிங்கர் அப்பிய பட்டி பாதி. சற்று வேகமாகச் சாத்தினால் உதிர்கிறது. அதனால் யார் ஏறினாலும் வலது பக்கமாகத்தான். இதற்காகச் செங்கல்பட்டு, மதுராந்தகம் கிராமங்கள்வரை அலைந்துவிட்டார். ஓரிடத்தில் ஒரு ஹெரால்டின் முழு பானெட்டும் கிடைத்தது, அதற்குள் கோழிகள் குடியிருந்தன. கதவு கிடைக்கவில்லை.

ஆகவே, உங்கள் வீட்டுப் பரணிலோ மாட்டுக் கொட்டகை மறைப்பிலோ மார்க் த்ரீ ஹெரால்டின் இடது பின்கதவு இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். மேற்குத் தாம்பரத்தில் யாரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டுவார்கள். காருக்கு அடியில் கால்கள் தெரியும், அவற்றிடம் சொன்னால் போதும். விலையை மட்டும் அம்மா கோயிலுக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துப் பேசுங்கள்.