கணக்குப்பிள்ளை அண்ணனும் எக்செல் பேரேடும்

காரைக்குடியில் மரக்கடை, ஆத்தங்குடிக் கல் கடை, ஆடிட்டர் ஆபீஸ் என்று எதற்குள் நுழைந்தாலும் ஒரு கணக்குப்பிள்ளை அண்ணன் இருப்பார். நெற்றியில் திருநீறு, சட்டைப்பையில் இரண்டு பேனா. அவர் தாத்தா பர்மாவில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து அடுத்தாளாக உயர்ந்தவர். ஐந்தொகையில் தம்பிடி பிசகாதவர். நாம் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவார்.

பேரேடு எக்செல் ஆனதில் அவருக்கு வருத்தமில்லை. முதல் கட்டத்தில் பிள்ளையார் சுழி போட்டுத்தான் தொடங்குவார். ஆனால் சர்வரில் அவர் கட்டியிருப்பது செட்டிநாட்டு வீடு. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று ஃபோல்டருக்குள் ஃபோல்டராக அடுத்த தெருவரை போகும். பாதையும் கோப்பின் பெயரும் சேர்ந்து 218 எழுத்தைத் தாண்டினால் எக்செல் ஏற்காது. புள்ளியையும் காலையும் கம்ப்யூட்டர் தனித்தனியாக எண்ணுவதால் தமிழ்ப் பெயர் சீக்கிரமே எல்லையைத் தொட்டுவிடும். "வீட்டை இடிக்கச் சொல்றியா தம்பி?" என்பார்.

காலையில் திறந்த கோப்பைக் கடை அடைக்கும்வரை மூட மாட்டார். மற்றவர் திரையிலெல்லாம் அவர் பெயரைப் போட்டு, பூட்டியிருக்கிறது என்று வரும். "பெட்டிச் சாவி ஒருத்தர்ட்டதான் இருக்கணும்."

இத்தோடு நின்றிருந்தால் பிழைத்திருப்போம். ஒருநாள் முதலாளியிடம் சொல்லி, அந்த ஃபோல்டரில் யாருக்கும் அழிக்கும் உரிமை இல்லாமல் செய்துவிட்டார். கணக்கில் தப்பு வந்தால் கோடு போட்டு மேலே எழுதலாம், சுரண்டக் கூடாது. தாத்தா காலத்துச் சட்டம். மறுநாளிலிருந்து எவர் கோப்பும் சேவ் ஆகவில்லை.

சிஸ்டம் பார்க்கும் தம்பி வந்தான். கேபிளைப் பிடுங்கிச் செருகினான், ஆன்டிவைரஸைத் திட்டினான், இரண்டு டீ குடித்தான். சாயங்காலம்தான் விஷயம் பிடிபட்டது. எக்செல் பழைய கோப்பின்மேல் எழுதுவதில்லை. பக்கத்திலேயே வாயில் நுழையாத பெயரில் புதுக்கோப்பு ஒன்றை எழுதி, பழையதை நீக்கிவிட்டு, அந்தப் பெயரைப் புதியதற்குச் சூட்டும். பேரனுக்கு ஐயா பெயரை வைப்பது நம் ஊருக்குத் தெரியாததா? இங்கே ஐயா நகர மறுத்ததால், பெயர் வைக்காத பேரன்கள் ஃபோல்டர் முழுக்கத் தவழ்ந்துகொண்டிருந்தார்கள்.

"அழிக்க விட்டாத்தாண்ணே எழுதும்."

அண்ணன் வெகுநேரம் யோசித்தார். "அப்ப எனக்கு மட்டும் குடு."

கொடுத்தாயிற்று. இப்போது அவர் ஒருவரால்தான் சேவ் செய்ய முடியும். அவர் சந்தைக்குப் போயிருக்கிறார், கோப்பைத் திறந்து வைத்துவிட்டு.