மஞ்சள் கடுதாசியும் மொட்டைத் தலையும்

எங்கள் தெருவுக்கு வரும் வசூல்காரர் சட்டத்தை மதிப்பவர். காலை எட்டு மணிக்கு முன்னாலும் மாலை ஏழு மணிக்குப் பின்னாலும் கடனாளியை போனில் கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-ல் சொல்லிவிட்டது. அதனால் அவர் போன் செய்வதில்லை. ஆறே முக்காலுக்கு நேரிலேயே வந்துவிடுகிறார்.

ஹெல்மெட்டை பைக் கண்ணாடியில் மாட்டுவார். திண்ணையில் உட்கார்ந்து ஒரு சொம்பு தண்ணீர் கேட்பார். பிறகு பால்காரர், கோலம் போடுகிற பெண்கள் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, "பெரியவரே, பையனை இன்ஜினியர் ஆக்கினீங்களே, பணத்தை எப்பக் கட்டப் போறீங்க?" என்பார். பெரியவர் குனிந்துகொள்வார். கல்விக் கடன் விண்ணப்பத்தில் மகன் பெயருக்குப் பக்கத்தில் இருப்பது அவர் கையெழுத்து. இன்ஜினியரோ ராத்திரி முழுக்க ஊரார் வீடுகளுக்குப் பிரியாணி சுமந்துவிட்டு, உள்ளே அடித்துப் போட்டாற்போல் தூங்குவான்.

"பேசாம மஞ்சக் கடுதாசி கொடுத்துட வேண்டியதுதானே?" என்றார் டீக்கடையில் ஒருவர்.

கொடுப்பதானால், பழைய சட்டம் ஓடும்போதே சீக்கிரம் கொடுக்க வேண்டும். சாமானியனுக்கு இன்னும் ஓடுவது வெள்ளைக்காரன் 1920-ல் எழுதிய சட்டம். அவனுக்குக்கூட மாணவனைத் தனியாகப் பிரித்து உதைக்கத் தோன்றவில்லை. நம் நாடாளுமன்றத்துக்குத் தோன்றியது. 2016-ல் வந்த திவால் சட்டத்தின் 79-ஆவது பிரிவில், ஆள் ஓட்டாண்டியானாலும் தீராத கடன்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. நீதிமன்றம் போட்ட அபராதம், அலட்சியத்தால் அடுத்தவனைக் கெடுத்ததற்கான நஷ்ட ஈடு, கொடுக்க வேண்டிய ஜீவனாம்சம், அப்புறம் கல்விக் கடன்! பெண்டாட்டியைத் தவிக்கவிட்டவனும் பாலிடெக்னிக் படித்தவனும் ஒரே பெஞ்சில். கிரெடிட் கார்டைத் தேய்த்து கோவாவில் கூத்தடித்த கடன் அந்தப் பட்டியலில் இல்லை. அது தீரும். படித்த பாவம்தான் தீராது.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. அந்தச் சட்டத்தில் தனிமனிதருக்கான பகுதியை 2019 டிசம்பரில் கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும் திறந்தார்கள். மற்றவர்களுக்குக் கடையே திறக்கவில்லை. 'மாணவர்களுக்கு அனுமதி இல்லை' என்ற பலகை மட்டும் வாசலில் தொங்குகிறது.

பெரிய கடைக்குப் போவோம். திவாலான வீடியோகான் குழுமக் கம்பெனிகள் தர வேண்டியது சுமார் 64,800 கோடி ரூபாய். வாங்க வந்தவர் தருவதாகச் சொன்னது 2,962 கோடி. நூற்றுக்கு ஐந்து ரூபாய்கூட இல்லை. கடன் கொடுத்த வங்கிகளில் பெரும்பாலானவை சரி என்று கை தூக்கின. 2021-ல் மும்பைத் தீர்ப்பாயமே, இது வங்கிக்காரர்கள் தள்ளுபடிக்குச் சொல்லும் முடிவெட்டா, முழு மொட்டையா என்று உத்தரவில் நொந்துகொண்டு அனுமதி கொடுத்தது. மறுவருஷம் மேல்முறையீட்டில் அது ரத்தானது வேறு கதை. தூக்கிய கை தூக்கியதுதான். பழனியில் மொட்டை போட்டால் முருகன் அருளாவது மிஞ்சும். முதலாளியிடம் தலையை நீட்டிய வங்கி, மாணவனிடம் கத்தியை நீட்டுகிறது. அந்த முதலாளிகள் வீட்டுத் திண்ணையில் ஆறே முக்காலுக்கு யார் போய்த் தண்ணீர் கேட்டார்கள்? மானம் என்பது ஓட்டுவீட்டுக்காரனிடம் மட்டும் ஜப்தி செய்யக்கூடிய சொத்தா?

இந்தக் கணக்கைப் பெரியவருக்குச் சொன்னது நான்தான். மறுநாள் காலை வசூல்காரரிடம் அவர் மெதுவாகக் கேட்டார்: "தம்பி, பாக்கி அஞ்சு லட்சம். நூத்துக்கு அஞ்சு ரூபான்னா இருபத்தஞ்சாயிரம் வருது. பசுவை வித்துட்டுத் தந்துடறேன். முடிச்சுக்கலாமா?"

வசூல்காரர் சிரித்தேவிட்டார். "பெரியவரே, அந்தச் சலுகைக்கு அம்பதாயிரம் கோடி வாங்கியிருக்கணும். நீங்க அஞ்சு லட்சம்தானே வாங்கினீங்க?"

தண்ணீரைக் குடித்து முடித்தார். காலிச் சொம்பைத் திருப்பிப் பார்த்தார். பித்தளை. கனமாக இருந்தது போலிருக்கிறது. கீழே வைக்க மனமில்லாமல் வைத்துவிட்டுப் போனார்.